நான் இத்தாலியனாக இருந்த ஏழு மாதங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்: பத்து வயதில், ஓகஸ்ட் தொடக்கம் மார்ச் வரையான ஏழு மாதங்கள், நான் ஓர் இத்தாலியனாக இருந்தேன். இத்தாலிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் 'பீட்சா'. அதையும் அதுவரை சாப்பிட்டுப் பார்த்ததில்லை. இத்தாலியில் குடியிருப்பவர்களில் நான் அறிந்த ஒரே மனிதர் பாப்பரசர், அவரும் போலந்துக்காரர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல, பாதி போர்த்துக்கீசருடையது. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர்கள் விட்டுவிட்டுப் போன பெயர்கள்தான் இன்றைக்கும் குடும்பப் பெயர்கள். என் பெயர் அன்ரன், குடும்பப் பெயர் பர்னாந்து. டென்மார்க்கில் வேறோர் ஊரிலிருந்து நாங்கள் ஹோர்சன்ஸ் நகரத்துக்குக் குடிவந்த புதிதில், புதுப் பள்ளிக்கூடத்தின் முதல் நாளன்று, வகுப்பாசிரியைக்குப் பதிலாக வந்திருந்த இளைஞர் ஒருவர் இடாப்பைப் பார்த்து என் பெயரைப் பாட்டுப்போல வாசித்தார், பிறகு என் சுருட்டை முடியைப் பார்த்து, "இத்தாலியா?" என்று கேட்டார். பொன்னிறத் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. முந்தைய பள்ளிக்கூடத்தில் 'சிறீலங்கா' என்று சொன்னபோது திரும்பிய முகங்களில் இரக்கம் இருந்தது. இந்த முகங்களில் கோடை விடுமுறை இருந்தது. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அதன் பிறகு ஓர் இத்தாலியன் செய்யவேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தேன். கதைக்கும்போது கையை ஆட்டினேன். உதைபந்தாட்டத்தில் காற்றுப் பட்டாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டேன். ரோமில் எனக்கு ஒரு பெரியப்பாவை உண்டாக்கி, அவருக்கு மூன்று காரும் ஒரு குதிரையும் வாங்கிக்கொடுத்தேன்.

சிக்கல் என்னவென்றால், அதே வகுப்பில் உண்மையான இத்தாலியன் ஒருவன் இருந்தான். லூக்கா. துறைமுகத்தடியில் ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த குடும்பத்தின் ஒரே பிள்ளை. தாயும் தகப்பனும் அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கடையைத் தொடங்கியவர்கள். தகப்பன் இரண்டு வருடத்துக்கு முன்னர் மாரடைப்பில் போய்விட்டார். பையன் பள்ளிக்கூடத்தில் தன்னை 'லூக்காஸ்' என்று டேனிஷ்காரப் பெயரால்தான் கூப்பிடச் சொல்லுவான். என் குட்டு அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வாய் திறக்கவில்லை; திறந்தால் 'அப்ப நீ ரெண்டு வசனம் சொல்லிக் காட்டு' என்று பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொள்வார்கள். இப்படி, இத்தாலியனாக இருக்க விருப்பமில்லாத இத்தாலியனும், இத்தாலியனாகியே தீருவேன் என்று நின்ற மன்னாரானும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து ரொட்டி சாப்பிட்டோம்.

வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கடைக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போகிற இடத்தில், "எங்கடை வகுப்பிலை இன்னொரு இத்தாலியன் இருக்கிறான்" என்று லூக்காவின் தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ரொசான்னா என்று பெயர். எனக்கு ரொசான்னா அன்ரி. கணவர் போன பிறகு அந்த ஊரில் அவருடைய மொழியைக் கேட்க ஒரு காதும் இல்லை. மகன் எதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்லுவான். அவர் மூன்று நாள் விசாரித்து எங்கள் விலாசத்தை எடுத்து, பாதாம் பிஸ்கற் சுட்டுத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து மணியை அடித்தார்.

கதவின் கண்ணாடித் துளையால் பார்த்த நான் நேரே கக்கூசுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அம்மா மீன் ஆலையில் காலை வேலை முடித்து வந்து கறி வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் இத்தாலிய மொழி வீட்டுக்குள் பாய்ந்தது. அப்படியொரு வேகத்தில் யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக் கதை ஒரே மூச்சில் வந்தது. பிறகு சடாரென்று நின்றது.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ" என்றார் அம்மா. பிறகு வந்து கக்கூஸ் கதவைத் தட்டினார். "எடேய் அன்ரன், உதுக்குள்ளை என்ன செய்யிறாய்? ஆரோ ஒரு மனிசி தட்டோடை வந்து நிக்குது. நான் வாங்கோ எண்டு சொல்ல, அழத் தொடங்கீற்றுது. வந்து என்னெண்டு கேள்."

வெளியே வந்தேன். அவர் என்னிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, உடைந்த டேனிஷில் கேட்டார்.

"நீ இத்தாலியன் இல்லையா?"

"இல்லை."

"அம்மா?"

"அவவும் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெரியப்பா மட்டும்தான்..." என்று இழுத்தேன்.

அழுத கண்ணோடு அவர் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. தேத்தண்ணி குடித்தார், அம்மாவோடு கைப்பாசையில் அரை மணித்தியாலம் கதைத்தார், பிஸ்கற்றைத் தட்டோடு வைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து அம்மா அகப்பையை எடுத்தார். அடி நினைவில்லை. சொன்னது நினைவிருக்கிறது: "எங்களுக்கு ஒரு ஊர் இல்லையோடா? விட்டுட்டு வந்தது காணாதெண்டு நீ அதைத் துடைச்சும் போட்டியோ?"

பிஸ்கற் முடிந்தது. தட்டு இருந்தது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அம்மா மீன் கட்லற் பொரித்து அடுக்கி, அந்தப் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் கொடுத்தனுப்பினார். ரொசான்னா அன்ரிக்கும் அதே வருத்தம், அதே தீராத நோய் இருக்கும் என்று யார் கண்டது? அவர் கட்லற்றை எடுத்துக்கொண்டு தட்டில் வேறொன்றை வைத்துத் தந்தார். அதற்கடுத்த புதன் பயத்தம் உருண்டை போனது. வெறுந்தட்டுக் கொடுக்கத் தெரியாத இரண்டு பெண்கள் பனியிலும் காற்றிலும் என்னைச் சைக்கிளில் ஓடவிட்டார்கள்.

ஒக்டோபரில் கடையைச் சாத்திவிடுவார்கள், மார்ச்சில்தான் திறப்பார்கள். குளிர்காலம் முழுக்க அவர் உள்ளே நின்று இயந்திரங்களைக் கழற்றிக் கழுவுவார், சுவருக்கு வர்ணம் அடிப்பார். நான் கவிழ்த்துவைத்த வாளியின்மேல் குந்தியிருந்து தின்பேன். அவர் தன் மொழியில் கதைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது என்பது அவருக்குத் தெரியும்; ஒரு காது இருந்தால் போதும் என்றுதான் தொடங்கினார். ஆனால் தின்கிற வாய்க்கு நன்றியுணர்ச்சி அதிகம். நத்தார்ப் பண்டிகை வருவதற்குள் பாதி விளங்கிற்று. தை மாதத்தில் சிறு பதில்கள் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தூரிகையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

வீட்டில் அம்மாவுக்கு நான் டேனிஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஒருநாள் தட்டைத் துணியால் கட்டிக்கொண்டே அம்மா கேட்டார்: "அந்த மனிசிக்கு அவவின்ரை பாசையிலை பதில் சொல்லுறியாம். எனக்கு மட்டும் ஏனடா டேனிஷ்?" நான் "தெரியாது" என்றேன். அதையும் டேனிஷில்தான் சொன்னேன்.

ரொசான்னா அன்ரியின் கதையெல்லாம் சுற்றிச் சுற்றி லூக்காவிலேயே வந்து நிற்கும். கடை திறக்கும் நாளில் அவன் தகப்பன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஐஸ்கிறீம் பெட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து, பன்னிரண்டு சுவைகளின் பெயரையும் இத்தாலிய மொழியில் உரத்துச் சொல்லிமுடித்த பிறகுதான் முதல் கரண்டியை அள்ளுவார். அவர் போன பிறகு இரண்டு மார்ச்சும் அது நடக்கவில்லை. இந்த முறை தான் செய்வதாக லூக்கா ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை என்னிடம் சொன்னார். பன்னிரண்டு சொல்தான், ஆனால் ஊர் கேட்கச் சொல்லுவான், அது போதும் எனக்கு என்றார். தொப்பியைத் துவைத்து ஸ்திரி போட்டு வைத்திருந்தார். எனக்கும் காட்டினார். வர்ணம் அடித்துக்கொண்டே அவர் அந்தப் பன்னிரண்டு பெயரையும் சொல்லிச் சொல்லி, எனக்கும் அவை பாடமாகிவிட்டன.

திறப்பு நாளன்று கடல்வாயிலிருந்து காது அறுக்கிற காற்று. ஆனாலும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எங்கள் வகுப்பு முழுக்க வந்திருந்தது. சுடச்சுட வேகிற கூம்புகளின் வெண்ணெய் வாசம் தெருவுக்கு வந்தது. லூக்கா காதுவரை இறங்கிய தொப்பியோடு பெட்டிகளுக்குப் பின்னால் நின்றான். முகம் சிவந்திருந்தது. முதலாவது மூடியைத் திறந்து பெயரைச் சொன்னான். இரண்டாவது. மூன்றாவது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் அதிசயம்; வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. ரொசான்னா அன்ரி கூம்பு சுடுகிற இரும்புக்குப் பக்கத்தில் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார். ஏழாவது மூடியைத் திறந்ததும் நின்றுவிட்டான்.

மறந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணை மூடித் தேடினான். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் அவனுக்கு வந்திருக்கும். நாக்கு நுனியில் நின்றது, நான் பார்த்தேன்.

பொறுத்தேனா? வரிசையின் நடுவிலிருந்து, கையை ஆட்டிக்கொண்டு, ஏழாவது தொடக்கம் பன்னிரண்டாவது வரை நிறுத்தாமல் நான் சொல்லி முடித்தேன். வகுப்பு கைதட்டியது. ரொசான்னா அன்ரியும், குளிர்காலம் முழுக்கத் தட்டிப் பழகிய கை, தன்னையறியாமல் ஒருமுறை தட்டி, "பிராவோ" என்றார். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

லூக்கா தொப்பியைக் கழற்றினான். அதை ஏழாவது பெட்டியின்மேல் வைத்தான். "அப்ப இனி நீயே கதை அவவோடை" என்று என்னிடம் டேனிஷில் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனான். தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை.

அடுத்த புதன்கிழமை நான் வெட்கமில்லாமல் தட்டோடு போனேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "இனி வர வேண்டாம், அன்ரன்" என்றார். புதன்கிழமைகளில் அவர் என்னோடு டேனிஷ் கதைத்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னர் வீட்டுக்குள் இத்தாலிய மொழியில் நன்றி, நல்லிரவு என்றாவது இரண்டு சொல் சொல்லிக்கொண்டிருந்த லூக்கா, அதையும் விட்டுவிட்டான் என்று பிறகு அறிந்தேன்.

நான் போலி இத்தாலியன் என்று அவன் ஒரு வார்த்தை வகுப்பில் சொல்லியிருந்தால் என் கணக்கு அன்றே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அது பொறுக்காமல் நானே வகுப்பாசிரியை பிர்கிட்டிடம் போய், மூச்சுவாங்க, நான் சிறீலங்கா என்று சொன்னேன். "உன்ரை கோப்பிலை முதல் வரியே அதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகையைத் துடைத்தார். ஏழு மாதத்து நாடகம், ஆசிரியைக்கு முதல் நாளே முடிவு தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடம் நாங்கள் ரண்டர்ஸுக்கு மாறினோம். அங்கேயேதான் இன்றும் இருக்கிறேன், பேருந்து ஓட்டுகிறேன். என் மகள் எனக்கு டேனிஷில் பதில் சொல்லத் தொடங்கிய நாளில்தான் எனக்குச் சுரீரென்று பட்டது. அதன் பிறகு அம்மாவோடு தமிழில் மட்டும் கதைப்பது என்று முடிவெடுத்தேன். அதற்குள் அம்மாவுக்குக் காது போய்விட்டது. நான் இரண்டு வசனம் சொன்னால், "என்ன? என்ன?" என்று நாலுமுறை கேட்பார்.

துறைமுகத்தடியில் அந்தக் கடை இப்போது இல்லை. கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். பன்னிரண்டு பெட்டிகள் இருந்த கண்ணாடிக்குள் கவசங்களும் மின்வடங்களும் தொங்குகின்றன. வாசலில் வெண்ணெய் வாசம் இல்லை, பசை வாசம்.

போன இலையுதிர்காலத்தில் ஓல்போர்க்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. லூக்கா. முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறை. தாய் ஹோர்சன்ஸில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். பக்கவாதம் வந்த பிறகு டேனிஷ் முழுக்க அழிந்துபோய், இத்தாலிய மொழி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதாம். பணியாளர்களுக்கும் விளங்கவில்லை, தனக்கும் விளங்கவில்லை என்றான். "உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டான். இல்லை என்பதுதான் நேர்மையான பதில். "கொஞ்சம்" என்றேன். பொய் சொல்கிற பழைய வருத்தம்.

போனேன். ரொசான்னா அன்ரி ஜன்னலோரக் கதிரையில் சிறுத்துப்போய் இருந்தார். என்னை யாரென்று தெரிந்ததோ என்னவோ, கையைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் எனக்கு அகப்பட்டது. பால் என்றார், குளிர் என்றார், பாதாம் என்றார். தண்ணீர் கேட்கிறார் என்றேன்; லூக்கா ஓடிப்போய் எடுத்துவந்தான். ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்றேன், சாத்தினான். இரண்டு வேலையும் சரியாக நடந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, சாத்திய ஜன்னலடியில் நின்ற மகனைக் கண்ணால் காட்டி, என்னிடம் சின்னதாக ஒன்று கேட்டார். அந்த நாளிலேயே எனக்கு முழுதாக விளங்கிய ஒரே வசனம் அது. இந்த டேனிஷ்காரன் ஆர் என்று கேட்டார்.

"என்ன கேக்கிறா?" என்றான் லூக்கா.

"நீ நல்லா மெலிஞ்சு போனாயாம்" என்றேன்.

அவன் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தான்.

"அந்தளவு இத்தாலிப் பாசை எனக்கும் விளங்கும், அன்ரன்."