ஐந்நூறு மணி நேர வாடகை

மூன்றே நாளில் நானூறு மணி நேரம் தீர்ந்துவிட்டதாகத் திரையில் பார்த்ததும் நான் முதலில் திட்டியது வெளிநாட்டுக்காரனைத்தான். "ஏமாத்துறான் பாய், பட்டப்பகல்ல ஏமாத்துறான்!" என்று நான் போட்ட சத்தத்தில் பேக்கிங் பகுதியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பின்னால் மெதுவாக வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆம்பூரில், தோல் பதனிடுவது முதல் ஷூ தைப்பது வரை எல்லாம் செய்த ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நானும் பாயும் மட்டும் வேலை பார்த்தோம். நான் காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். பாய் உள்ளூர்க்காரர். பதினைந்து வருடம் தோல் பதனிடும் டேனரியில், ஒன்றாகப் போகும் ஒவ்வொரு தோல் தொகுதிக்கும் லாட் கார்டு எழுதிவிட்டு, கம்ப்யூட்டர் மேல் ஆசைப்பட்டு எங்கள் அறைக்கு வந்தவர்.

வெளிநாட்டுக் கடைகளிலிருந்து எங்கள் ஷூக்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. விரல் மடங்கும் இடத்தில் தோல் வெடித்திருந்தது. எல்லாம் இல்லை, அங்கொன்று இங்கொன்று. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது என்று ஷூவை வாங்கும் பையர் சொல்லிவிட்டார். காரணம் எங்களிடமே எங்கோ இருந்தது. ஒவ்வொரு தோலும் எந்த மெஷினைத் தாண்டினாலும் அதன் நம்பர் பதிவாகும். தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம்மும் காயவைக்கும் டிரையரும் சில விநாடிக்கு ஒருமுறை சூட்டையும் ஈரத்தையும் எழுதிக்கொண்டே இருக்கும். அப்படிப் பல வருடம் குவிந்த மலையை எங்கள் ஒற்றை சர்வரில் கிளறினால் ஒரு கேள்விக்கு ஒரு வாரம் ஆனது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

அப்போதுதான் வெளிநாட்டில் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று படித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. பத்து கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் ஓட்டலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்! மறுநாள் ஜெனரல் மேனேஜர் முன்னால் போய் நின்று மூச்சுவிடாமல் பேசினேன். வாடகையை கிரெடிட் கார்டில்தான் கட்ட முடியும், கம்பெனிக்கோ செக்கைத் தவிர வேறு வழக்கமில்லை. கடைசியில் அவர் தன் சொந்தக் கார்டையே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஐந்நூறு மணி நேரம்மா. அதுக்குமேல ஒரு நிமிஷம் கூட இல்ல."

பதிவுகளை டிஸ்க்கில் ஏற்றி அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு கூரியரில் அனுப்பினோம். மொத்தம் நானூறு லாட். ஒரு லாட்டுக்குப் பத்து கம்ப்யூட்டர், ஏழு நிமிடம். கூட்டினால் ஐந்நூறுக்குள் அடங்கியது. அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தோம். இப்போது நாற்பது லாட்தான் முடிந்திருந்தது, விடையும் வரவில்லை. கையில் மீதி நூறு மணி நேரம், பாக்கி முந்நூற்று அறுபது லாட்.

திட்டி ஓய்ந்த பிறகு உபயோகப் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். எல்லா வரியிலும் ஒரே வாசகம்: ஒரு மணி, ஒரு மணி, ஒரு மணி. ஏழு நிமிடம் ஓட்டினாலும் ஒரு மணி நேரம் ஓட்டியதாகத்தான் கணக்கு. அது முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அது சரி, ஏன் ஒவ்வொரு லாட்டுக்கும் கம்ப்யூட்டர்களைப் புதிதாகத் திறந்து மூடினோம்? பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார்.

டேனரியில் ஒரு லாட் இறங்கினால் டிரம்மைக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றுவார்கள். லாட்டைக் கலந்தவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்த வழக்கத்தை நாங்கள் அப்படியே கடல் தாண்டி அனுப்பியிருந்தோம். ஒரு லாட் முடிந்ததும் பத்து கம்ப்யூட்டரையும் மூடிவிட்டு, அடுத்த லாட்டுக்குப் புதிதாகப் பத்து திறந்தோம். எலி வளையானாலும் தனி வளை! அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

"எல்லா லாட்டையும் ஒண்ணா ஓட்டிடலாம் பாய்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கலக்குறதா? இன்னா சிஸ்டர் பேசுற நீ? அப்புறம் எது எந்த லாட்டுன்னு எப்டி தெரியும்?"

"டிரம்முக்குள்ள சுத்துற தோல்ல நம்பரைப் படிக்க முடியாது, சரி. இங்க ஒவ்வொரு வரியிலயும் லாட் நம்பர் எழுதியிருக்கே!"

குனிந்து திரையில் இருந்த வரிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அட அல்லா, நாம டிரம் கழுவினு இருந்தோமா!" எங்களுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அதோடு தீரவில்லை. விட்ட பணத்தை நினைக்க நினைக்க எனக்கு வெறியே பிடித்துவிட்டது. ஏழு நிமிடம் என்கிறோமே, அதில் என்னதான் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம். ஐந்து நிமிடம் கம்ப்யூட்டர் கண் விழித்துத் தயாராவதற்கே போனது, நிஜமான வேலை இரண்டே நிமிடம். ஒரே தடவை திறந்து வரிசையாக ஓட்டினால் நூற்றிருபது மணி நேரம் போதும். ஆனால் எங்களிடம் இருந்தது நூறுதான். "இன்னும் இருபது கம்மி பண்ணணும்" என்றார் பாய்.

அந்த இருபதுக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். விடை எளிமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் முப்பது கட்டம்: ஷிப்ட், மேஸ்திரி பெயர், குறிப்பு, கலர் நம்பர். பத்து கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று வரிகளைப் பரிமாறி ஒப்பிடும்போது முப்பதையும் சுமந்துகொண்டு அலைந்தன. எங்களுக்குத் தேவை ஆறே கட்டம். மற்றதை முதல் படியிலேயே கழற்றிவிட்டு, ஒரு லாட்டை மட்டும் எங்கள் சர்வரில் ஓட்டிப் பார்த்தோம். நேரம் பாதியாகக் குறைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன், வெட்கமெல்லாம் படவில்லை.

பத்து கம்ப்யூட்டர், ஆறு மணி நேரம், மொத்தம் அறுபது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். முடிந்ததும் விடையை இறக்கிக்கொண்டு நாங்களே மூட வேண்டும், மூடினால் அங்கே எல்லாம் அழிந்துவிடும். மூடாவிட்டால் சும்மா நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் பத்து மணி நேரம் போகும். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சில மெஷின்களுக்கு மட்டும்தான், ஆபீஸ் பக்கம் எங்கும் அதன் லைன் கிடையாது. இருபது நிமிடத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது. மின்வாரியத்துக்குப் போன் செய்தால் லைனில் கோளாறு, ராத்திரிக்குள் வந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாய் நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்துவிட்டார். "சார், ஊர்ல எங்கயும் கரண்ட் இல்ல. வாணியம்பாடில இருக்காம். அங்க பிரவுசிங் சென்டர்ல போய் மூடணும்."

"மூடலன்னா?"

"உங்க கார்டு சார்."

அவர் ஏற்கெனவே கார் சாவியை எடுத்துவிட்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் லாரிகளுக்கு நடுவே அப்படி ஓட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பின் சீட்டில் பாய் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார், நான் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இயேசுவைக் கூப்பிட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் போனதில்லை.

மூன்றே முக்காலுக்கு வாணியம்பாடி பிரவுசிங் சென்டரில் ஒரு மரத்தடுப்புக்குள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வேலை முடிந்திருந்தது. விடையை இறக்கினேன், பத்தையும் மூடினேன். ஏழாவது மணி நேரத்துக்குள் புகுந்துவிட்டோம், அதனால் எழுபது. "தப்பிச்சோம் சார்!" என்று கத்தினேன்.

பிறகுதான் விடையைத் திறந்தேன். வெடித்த ஜோடிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வகைத் தோலில் வெட்டியவை. டிரையரில் இரண்டு முறை போன தோல். முதல் முறை பாதியில் நின்றிருந்தது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முழு நேரம் ஓடியிருந்தது. அதிகம் காய்ந்த தோல் மடங்கினால் வெடிக்கும் என்பது பாய்க்குத் தெரியும். "கரண்ட் போன டைம் இதெல்லாம்" என்றார். "மறுபடி போட்டு எடுத்திருக்காங்க. எவன் சொன்னான் இவங்களுக்கு?"

மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேன்" என்றார். "கரண்ட் போய் வந்தா திரும்ப முழுசா ஓட்டுங்கடான்னு போர்டுலயே எழுதி வெச்சேன்."

பாய் தலை குனிந்துகொண்டார். கண்டுபிடித்துவிட்ட குதூகலம் எனக்கு நெஞ்சு முழுக்க இருந்தது, அதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மேனேஜர் அங்கேயே செல்போனை எடுத்து பையரின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். தொழிலாளி பெயரையோ மெஷின் பெயரையோ சொல்லவில்லை. தவறு தன் உத்தரவில்தான், நாளையிலிருந்து மாற்றிவிடுகிறோம் என்று மட்டும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"இன்னும் எவ்ளோ மணி நேரம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"முப்பது இருக்கு சார்."

"அதையும் ஓட்டிடு. நான் வேற இன்னா தப்பு பண்ணி வெச்சிருக்கேன்னு பாரு."