அஞ்சலை அக்காவின் காணியும் ஒரு வேல்யூ பண்டும்

1. முதல் நாள்

வில்லியனூரில் எங்கள் ஆபீஸ் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த நான், மியூச்சுவல் பண்டு டிஸ்ட்ரிபியூட்டர் பரீட்சையில் தேறி, தனி மேசையில் உட்கார்ந்த முதல் நாள் அது. படியேறி வந்த முதல் ஆள் அஞ்சலை அக்கா. கிருமாம்பாக்கத்தில் சொந்தமாகக் கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிறவர். புருஷன் லாரி ஓட்டுகிறார். நிலம், வரவு, செலவு எல்லாம் அக்கா கையில்தான்.

"ரோட்ட அகலப்படுத்துறோம்னு எங்க கரும்புக் கொல்லைய எடுத்துக்கினாங்க மா. துட்டு வந்துடுச்சி. எங்க ஊருலியே போட்டா யாருக்கு எவ்ளோன்னு டீக்கடையில பேசுறான். அதான் இவ்ளோ தூரம் வந்தேன்."

"இந்தப் பணத்தை வெச்சு இன்னா பண்ணணும்னு நெனைக்கிறீங்க அக்கா?"

"நெலம் வாங்கணும். வேற இன்னா?"

அப்படியென்றால் உடனே வாங்கலாமே என்று கேட்டேன். அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"ஒரே நேரத்துல அத்தினி பேரு கையிலயும் துட்டு. எல்லாரும் நெலம் தேடி அலையிறான். விக்கிறவன் காணிக்கு இன்னா வெல சொன்னாலும் வாங்குறான். நா ஏன் இப்ப போய் வாங்கணும்? அடங்கட்டும். அஞ்சி வருஷமோ ஆறு வருஷமோ ஆவட்டும்."

காணி என்பது எங்கள் பக்கத்து நில அளவு, ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். பாதிப் பணம் பேங்க் டெபாசிட்டில் இருக்கட்டும், எந்நேரமும் எடுக்கலாம் என்றேன். மீதிப் பாதிக்கு ஒரு லார்ஜ் கேப் வேல்யூ பண்டைச் சொன்னேன். நாடறிந்த பெரிய கம்பெனிகளாகப் பார்த்து, அவற்றிலும் யாரும் சீண்டாமல் விலை குறைந்து கிடக்கிற ஷேர்களை வாங்கி வைத்துக் காத்திருக்கிற பண்டு. எல்லாரும் ஓடிப்போய் வாங்குகிற ஷேர் பக்கம் அதிகம் போகாது.

"அப்போ நா நெலத்துக்குப் பண்றதத்தான் அவுங்க ஷேருக்குப் பண்றாங்க."

"ஆமாக்கா. ஆனா மலிவா வாங்குனது வருஷக்கணக்கா மலிவாவே கெடக்கலாம். பண்டு மேனேஜர் தப்பாவும் கணிக்கலாம். மொதலுக்கே கேரண்டி கெடையாது."

"சரி. இதுல உனுக்கு இன்னா கெடைக்குது?"

பக்கத்து மேசையில் எங்கள் கிளை மேனேஜர் ராஜவேலு சார் இருந்தார். எனக்கு முன்னால் அவர் பதில் சொன்னார். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மா. நீங்க தனியா ஒரு ரூபா குடுக்க வேணாம்."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வி என்னிடம்தான் இருந்தது. சொன்னேன்.

"ஒரு லட்சம் இருந்தா, பண்டை நடத்துற செலவுக்குன்னு வருஷத்துக்கு ஏறக்கொறைய ஆயிரத்து எண்ணூறு ரூபா போவும் அக்கா. எக்ஸ்பென்ஸ் ரேஷியோன்னு சொல்லுவோம். பில்லு வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சிட்டுத்தான் யூனிட் வெலையே போடுவாங்க. அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா எங்க ஆபீசுக்கு வரும். பணம் இருக்கற வரிக்கும் மாசா மாசம் பிரிச்சி வரும்."

"பண்டு எறங்குனாலுமா?"

"எறங்குனாலும் வரும். அப்ப தொகை கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். நாங்க நடுவுல வேணாம்னா நீங்களே நேரா டைரக்ட் பிளான்ல போடலாம். எங்க பங்கு உங்களுக்கு மிச்சம்."

"யோசிச்சி சொல்றேன் மா" என்று அக்கா எழுந்து போய்விட்டார்.

ராஜவேலு சார் பேனாவை மேசையில் போட்டார். "ஜெயசீலி, கறிக்கடைக்காரன் ஆடு வாங்குன வெலைய சொல்லிட்டா கறி வெட்டுறான்? மொத நாளே வந்த ஆள அனுப்பிட்டியே!"

அடுத்த வாரம் அக்கா திரும்பி வந்தார். "நாலு எடத்துல கேட்டுட்டேன். எல்லாரும் ஒரு செலவும் கெடையாதுன்னான். செலவில்லாம எவன் கடை வெச்சி நடத்துவான்? நீதான் சொன்ன."

"டைரக்ட்ல போடலாமே அக்கா? செலவு கொறையும்."

"கொறையும். மனசு கெட்டுப்போற அன்னிக்கி யாரு வூட்டுக் கதவத் தட்டுறது? நீயே பாத்துக்க. ஆனா வாங்குற துட்டுக்கு வேலை செய்யணும், சொல்லிட்டேன்."

அவர் கீழே இறங்கிய பிறகு ராஜவேலு சார் என் மேசைக்கு வந்தார். கண்டிப்பான மனிதர், டார்கெட் விஷயத்தில் யாருக்கும் இரக்கம் காட்டமாட்டார். "அந்தம்மா திரும்பி வந்துச்சில்ல? அப்ப நீ உன் வழியிலியே போ. நா குறுக்க வர மாட்டேன்" என்றார். புதுப் பண்டு வெளியீடு வரும்போதெல்லாம் மற்ற கிளைகளில் ஆட்களை விரட்டி விற்கச் சொன்னார்கள். எங்கள் கிளையில் அவர் என்னை அந்த ஓட்டத்துக்குள் இழுத்ததே இல்லை. அதற்கு நான் அவருக்கு இன்றுவரை நன்றியுடன் இருக்கிறேன்.

2. தம்பியின் போன்

வேல்யூ பண்டு வைத்திருப்பவருக்குப் பொறுமை எப்போது தீரும் என்று கேட்டால், மார்க்கெட் விழும்போது என்றுதான் பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில், மற்றவர் பண்டு ஏறும்போதுதான் தீரும்.

இரண்டு வருடம் கழித்து அக்கா படபடவென்று படியேறி வந்தார். அவருடைய தம்பி ஏழுமலையும் ரோட்டுக்கு நிலம் கொடுத்தவர். அவர் போட்டிருந்தது சின்னக் கம்பெனிகளின் பண்டு. அது கிடுகிடுவென ஏறியிருந்தது. வீட்டு விசேஷம் ஒன்றில் போனைத் திறந்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்.

"பந்தியில உக்காந்து சோறு எறங்கல டி எனுக்கு. அவுனுது குதிர மாதிரி ஓடுது. எம்பண்டு எரும மாதிரி படுத்துக்கினு கீது. நம்மளுதுல இன்னாதான் இருக்குது?"

பேங்குகள், மின்சாரம், நிலக்கரி, சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்கிற ஒரு பழைய கம்பெனி. பட்டியலைப் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு எரிச்சல்தான் கூடியது. "எல்லாத்தையும் எடுத்து அவன் பண்டுல போடு" என்றார்.

மாற்றினால் ஆகிற செலவை முதலில் சொன்னேன். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் எடுப்பதற்கான பிடித்தம், கிடையாது. வந்த லாபத்துக்கு வரி வரலாம். அது கூடப் பெரிதில்லை.

"அக்கா, தம்பி பண்டுல இருக்கற கம்பெனிங்களுக்கு இப்ப எல்லாரும் அடிச்சிப் புடிச்சி வெல குடுக்கறாங்க. அன்னிக்கி அந்த வெலைக்குக் காணி வாங்க மாட்டேன்னு சொன்னது நீங்கதான்."

"அது நெலம் டி!"

"வெல வெலதானக்கா. உங்க துட்டு, நீங்க சொன்னா இப்பவே மாத்திடறேன். என் மனசுல இருக்கறத சொல்லிட்டேன்."

அக்கா எழுந்தார். மாற்றச் சொல்லவுமில்லை, போய் வருகிறேன் என்று சொல்லவுமில்லை.

அதன் பிறகு வெகு காலம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அவர் கணக்கிலிருந்து எங்கள் கமிஷன் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது. வாங்குகிற பணத்துக்கு வேலை செய்யணும் என்று அவர் சொன்னது என்னை உறுத்தும். மூன்று மாதத்துக்கொரு முறை போன் பண்ணி, பண்டு என்ன நிலையில் இருக்கிறது, ஏன் பின்தங்கியிருக்கிறது என்று சொல்வேன். "ம்" என்பார். "சரி" என்பார். வைத்துவிடுவார். ஆனாலும் ஒரு முறைகூட என் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

3. ஊரடங்கில் வந்த நிலம்

கொரோனா ஊரடங்கு அறிவித்த வாரங்களில் மார்க்கெட் சரிந்தது. என் போன் ஓயவில்லை. அக்காவும் கூப்பிட்டார். குரலில் பயம் இல்லை, அவசரம் இருந்தது.

"நெலம் வந்துடுச்சி மா! பாகூருக்குக் கிட்ட, ரெண்டு காணி. போர் கெணறு இருக்குது, ஏரித் தண்ணியும் பாயும். வாங்கறதுக்கு ஆளே இல்ல, வெல எறங்கி நிக்குது. எம்பண்டு எல்லாத்தையும் எடுத்துக் குடு."

நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். பண்டு அவர் போட்ட முதலுக்கும் கீழே கிடந்தது. காத்திருந்தது சரிதான் என்று நிலம் காட்டிவிட்டது. அதே நேரத்தில் பண்டு காலை வாரிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நிலமோ ஷேரோ, வாங்க யார் கையும் நீளவில்லை.

"இப்ப எடுத்தா நஷ்டம் அக்கா. டெபாசிட்டையும் சேத்தாக்கூட நெலத்தோட வெலைக்குப் பத்தாது."

"அப்போ இத்தினி வருஷம் காத்திருந்ததுக்கு இன்னாதான் பிரயோஜனம்?" என்றார். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"விக்கிறவருக்குப் பணம் எப்ப வேணுமாம்?"

"கேக்கலியே."

"கேட்டுடலாம்."

கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும் நானும் அக்காவும் வண்டியில் போனோம். நிலத்துக்காரர் அருளப்பன் சார், ரிடையர்டு வாத்தியார், வில்லியனூர்ப் பக்கம் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். முகக்கவசத்தோடு கேட்டுக்கு உள்ளே அவர் நின்றார், வெளியே நாங்கள் நின்றோம்.

"எனக்கு இப்ப பணம் வந்து இன்னாமா பண்றது? புள்ளைங்ககிட்ட போலாம்னா பிளேனே பறக்கல. நெலம் தரிசா கெடக்குறதத்தான் பாக்க முடியல. உழுவுறதுக்கு ஆள் வரணும்."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "டெபாசிட்டு துட்ட அட்வான்சா தரேன் சார். மிச்சத்துக்கு அடுத்த அறுப்பு தாண்டி டைம் குடுங்க. அதுவரிக்கும் நா பயிர் வெச்சிக்கிறேன்."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒன்றேகால் வருடத் தவணையில் அக்ரிமெண்ட் போடச் சம்மதித்தார். தவணை தவறினால் அட்வான்ஸ் அவருக்கு. கையெழுத்துப் போடுமுன் அக்காவிடம் வெளிப்படையாகச் சொன்னேன்.

"பண்டு அதுக்குள்ள ஏறி வரும்னு என்னால சொல்ல முடியாது. வராமப் போனா?"

"நகைய வெப்பேன். அதுவும் பத்தலன்னா அட்வான்சு போவும். ஒருத்தர் மேலயும் பழி போட மாட்டேன்."

அந்த மாதங்களில் நான் என்ஏவியை, அதாவது யூனிட் விலையை, பார்த்ததுபோல் வேறெப்போதும் பார்த்ததில்லை. முதலில் மருந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஏறின. எங்கள் பண்டு அப்போதும் கடைசியில்தான் நின்றது. "இதுலயும் லேட்டா?" என்று அக்கா போனில் சலித்துக்கொண்டார். அவர் அந்த நிலத்தில் சம்பா நட்டு, களையெடுத்து, அறுவடையும் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பழைய தொழில் கம்பெனிகள் பக்கம் ஆட்கள் திரும்பினார்கள். பேங்கும் மின்சாரமும் ஏறின. பண்டு முதலைத் தாண்டியது. சில மாதங்களில் நிலத்துக்குத் தேவையான தொகையையும் தாண்டியது. அன்றைக்கே போன் பண்ணினேன்.

"அக்கா, வேண்டியது வந்துடுச்சி. எடுத்துடலாம்."

"இப்பதானடி ஏற ஆரமிச்சிருக்குது! தவணைக்கு இன்னும் நாள் கெடக்குது. இருக்கட்டும்."

"இன்னும் ஏறலாம் அக்கா. ஏறாமலும் போவலாம். நெலத்துக்குத் தேதி வெச்சாச்சி. தேதி வெச்ச துட்டு இனிமே ஷேர்ல இருக்கக் கூடாது."

நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே ஓடிபி சொன்னார். நிலத்துக்கும் வரிக்கும் வேண்டிய யூனிட்டை மட்டும் விற்றோம். பண்டு அதற்குப் பிறகும் ஏறியது. அதை அக்கா எனக்குச் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

4. பாகூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்

பதிவன்று என்னையும் வரச் சொன்னார்கள். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து முடிந்ததும் அக்கா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அழுதாரா, வேர்வையா என்று நான் கேட்கவில்லை. "ரோட்டுல போனது ரெண்டு காணி. வந்ததும் ரெண்டு காணி" என்று மட்டும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் கை காய்ப்பேறி முரடாக இருந்தது. நான் இந்தத் தொழிலில் வாங்கிய பாராட்டுப் பத்திரம் எதுவும் எனக்கு அந்தப் பிடிபோல் இருந்ததில்லை.

அருளப்பன் சார் எங்களிடம் வந்தார். அவர் முகத்திலும் நிம்மதி.

"ஏம்மா ஜெயசீலி, அஞ்சலைக்கு நெலம் வாங்கிக் குடுத்த அந்தப் பண்டு எனக்கு ஒத்து வருமா? இந்தப் பணத்த அப்படியே அதுல போட்டுடலாமா?"

கமிஷனைப் பார்த்தால் அது எனக்குப் பெரிய தொகைதான். "சாருக்கு இந்தப் பணம் எப்ப வேணும்?" என்று கேட்டேன்.

"வர்ற வருஷம் கண்ணு ஆபரேஷன். அப்புறம் புள்ளைங்ககிட்ட போவணும். மாசச் செலவும் இதுலதான்."

"அப்ப வேணாம் சார். பேங்குல போடுங்க. இது காத்திருக்க முடிஞ்சவங்களுக்கான பண்டு. நடுவுல விழுந்தா, எழுந்திரிக்கிற வரிக்கும் உங்க செலவு நிக்காது."

அஞ்சலை அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா சார்! வூடு தேடி வந்த யாவாரத்த வேணாம்னு சொல்றா. இவகிட்ட துட்டு குடுத்துட்டு நா எப்படிப் பொழச்சனோ!"

அந்த வேப்பமரத்தடியில் நின்றிருந்த வேறு இரண்டு பேர் அன்றைக்கே என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். இன்று என்னிடம் இருக்கும் வாடிக்கையாளர்களில் பலர் அக்கா வழியாக வந்தவர்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். செலவு எவ்வளவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை ஆள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அந்தப் பணம் எதற்கு, எப்போது வேண்டும் என்பதைப் பண்டின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள். இரண்டையும் செய்தால் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். திரும்பி வருகிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள், சந்தேகப்படுவார்கள், ஆனால் போன் அடித்தால் எடுப்பார்கள். இத்தனை வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்கள் எடுத்த போனால்தான்.