கல்யாணக் கிராப்பு

இது யாரோ சொல்லக் கேட்டு எழுதுவது இல்லை. கை என்னுடையது, கத்திரி என்னுடையது, கடையும் என்னுடையது. நான் கள் குடிப்பவன் இல்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகல் மூன்று மணிக்கு.

1974, ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி ரோட்டோரம் என் சலூன். ஒரே ஒரு நாற்காலி, எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. என் பெயர் சோலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காதை மூடிய முடி, பாதிக் கன்னம் வரை இறங்கிய கிருதா, பெல்பாட்டம் என்று நானே என் கடைக்கு விளம்பரமாக நடமாடுவேன். வருகிற பையன்கள் எல்லோரும் உங்களாட்டமே வெச்சு உடுங்க என்பார்கள். நுனியை மட்டும் தட்டிவிட்டு அனுப்புவேன். முடியை ஒட்ட எடுக்கும் கை மிஷினைத் தொட்டே மாதக்கணக்காகியிருந்தது.

அன்று காலையிலிருந்து மழை. கணவாய்க் காற்று கடைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. பொழுது போகாமல் சவரக் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டிருந்தேன்.

சர்ரக்... சர்ரக்...

நிமிர்ந்தால் வாசலில் ஒருவர் நிற்கிறார்.

ஐம்பது வயதிருக்கும். தோளில் புரளும் சடை. நெஞ்சு வரை தாடி. அழுக்கு வேட்டி. மலைக் கோயில்களைச் சுற்றும் சாமியார் என்றுதான் நினைத்தேன். வாங்க, உட்காருங்க என்றேன். அவர் நடந்து வந்த விதம் எனக்கு வினோதமாகத் தெரிந்தது. இரண்டு கால்களையும் ஒட்டி ஒட்டி வைத்து, சின்னச் சின்ன எட்டாக வந்தார். கால் கட்டப்பட்ட மாடு மேய்வதைப் போல.

நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைப் போர்த்தும்போதுதான் ஒன்று உறைத்தது. வெளியே கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வந்தவர். சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்படி வெட்டுவது என்று கேட்டேன்.

"கல்யாணக் கிராப்பு" என்றார். குரல் தொண்டையின் அடியிலிருந்து, கரகரவென்று வந்தது.

எனக்குப் புரியவில்லை. தன் தலையில் விரலால் தடவிக் காட்டினார். பிடரியும் காதோரமும் தோல் தெரிகிற அளவுக்கு ஒட்ட எடுக்க வேண்டும். மேலே மட்டும் நீளம். இடது பக்கம் வகிடு. முன்முடியைச் சுருட்டித் தூக்கி, மிச்சத்தைப் பின்னால் படிய வார வேண்டும். தாடி போக வேண்டும். மீசை உதட்டுக்கு மேலே கோடு மாதிரி நிற்க வேண்டும். சுதந்திரம் வந்த சமயத்தில் மாப்பிள்ளைகள் வைத்துக்கொண்ட கிராப்பு அது. தொழில் பழகிய காலத்தில் வெட்டியிருக்கிறேன். இப்போது யார் வைக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, இந்த வயசுல கல்யாணமுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "ஊட்டுக்குப் போகோணும். இந்தக் கோலத்துல போனா அவளுக்கு அடையாளம் தெரியல."

தெரியாது என்று சொல்லவில்லை, தெரியல என்றார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சடையைக் கத்திரியால் வெட்டித் தள்ளினேன். அப்புறம் சீப்பை வைத்து, இடது கையால் தலையைப் பிடித்தேன்.

பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது.

காய்ச்சல் தலையைத் தொட்டிருக்கிறேன், வியர்த்த தலையைத் தொட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற தலையில் ஏதோ ஒரு சூடு இருக்கும். இதில் இல்லை. மழைக் குளிர்... மழைக் குளிர்தான் என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கவே இல்லை.

துணி கழுத்தை இறுக்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்போது ஆறுமுகசாமி உள்ளே வந்தார். எங்கள் ஊர் பால்காரர். வழக்கமாகச் சவரம் செய்ய வருகிறவர். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். மழை விடாது போலிருக்குது என்று சொல்லிக்கொண்டே நேராக நாற்காலிக்கு வந்தார். திரும்பினார். உட்காரப் போனார்.

நாற்காலியில் இருந்தவர் மடியில்!

"ஏனுங்க, ஆளு இருக்குதுங்க" என்று ஆறுமுகசாமியின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

ஆறுமுகசாமி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் அந்தரத்தில் நின்ற கத்திரியைப் பார்த்தார். மெல்லப் பின்னால் நகர்ந்து வாசலைத் தாண்டினார். அப்புறம் ஓடும் சத்தம் கேட்டது. குடை சுவரிலேயே இருந்தது.



கண்ணாடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவர் தெரிந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது" என்றார்.

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வாசலுக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கால் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. சோப்பு நுரை போட்டு, கத்தியை எடுத்து, மீசையைக் கோடாக விட்டுத் தாடியை வழித்தேன். தாடைக்குக் கீழே கத்தி வழுக்கிவிட்டது. சதை பிளந்தது. நன்றாகவே பிளந்தது. பழக்கத்தில் படிகாரத்தை எடுத்து அழுத்தப் போனேன்.

ரத்தம் வரவில்லை.

காத்திருந்தேன்.

வரவே இல்லை.

அவர் முகம் சுளிக்கவும் இல்லை. என் கண் தானாகக் கீழே போனது. துணிக்கு அடியில் அவருடைய பாதங்கள் தெரிந்தன. வெளியே முழங்கால் சேறு. அந்தப் பாதங்களில் சேறு இல்லை. இடது கட்டை விரலில் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. அதன் மறுமுனை அறுந்து தரையில் கிடந்தது.

கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுவது யாருக்கு என்று எனக்குத் தெரியும். என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"பின்னால... எடு" என்றார்.

மிஷினை எடுத்தேன். டிக் டிக் டிக் என்று பிடரி முடி விழுந்தது. கீழேயிருந்து மேலே ஏற்றினேன். முடிக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கோடு வெளியே வந்தது. விரல் தடிமன். காதுக்குப் பின்னாலிருந்து சரிந்து இறங்கி, கழுத்தைச் சுற்றித் தாடைக்கு அடியில் போனது. கயிற்றின் முறுக்கு முறுக்காகத் தோலில் பதிந்திருந்தது.

மிஷின் நின்றுவிட்டது. என் கைதான் நின்றது.

"தெரியுதா?" என்று கேட்டார்.

இந்தக் கிராப்பில் பிடரி தெரியத்தான் செய்யும் என்று எப்படியோ சொன்னேன்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"பரவால்ல... அவ முன்னாலதான் பாப்பா."

வகிடு எடுத்தேன். முன்முடியில் எண்ணெய் தடவிச் சுருட்டித் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வாரினேன்.

துணியை எடுக்கக் குனிந்தேன்.

நாற்காலி காலி.

வாசலில் மழை.

யாரும் இல்லை...

கடையைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினேன். ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் உச்சிக்கு ஒருவர் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். பெருமாட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இழவு. அந்த ஊரில் இழவு முறை செய்கிற நாவிதர் வெளியூர் போய்விட்டாராம். வர முடியாது என்று சொல்ல நினைத்தேன். இழவுக்குக் கூப்பிட்டு வராமல் இருக்க எங்கள் தொழிலில் முடியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் பந்தல். உள்ளே கட்டிலில் கிடத்தி, முகத்தை மூடியிருந்தார்கள். செத்தவரின் தம்பி என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"முகத்த மழிக்கறது முறைன்னுதான் ஆள் அனுப்புனோமுங்க. ஆனா மழிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க."

துணியை விலக்கினார்.

இடது வகிடு. சுருட்டித் தூக்கிய முன்முடி. கோடு போட்ட மீசை. என் எண்ணெய் வாசனை.

என் கையிலிருந்த பெட்டி விழுந்தது.

செத்தவர் பெயர் காளிச்சாமி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். ஞாயிற்றுக்கிழமை கொல்லங்கோட்டு மலையடிவாரத்தில், ஒரு மாந்தோப்பில், தூக்கில் தொங்கியிருக்கிறார். வேட்டி மடிப்பில் இந்த வீட்டு விலாசம் எழுதிய சீட்டு இருந்ததாம். அன்று மாலையே போலீஸ் இறக்கி ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துப் பூட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை! என் கடைக்கு அவர் வந்தது திங்கட்கிழமை. சாவி முழுநேரமும் தன் இடுப்பில்தான் இருந்தது என்று பிணவறைக்காரர் சத்தியம் செய்தாராம். செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தவர், அத்தோடு வேலையை விட்டுவிட்டார். சேதி வந்து தம்பி போய், முகத்தைப் பார்த்ததும் அண்ணன்தான் என்று சொல்லி உடலை வாங்கி வந்திருக்கிறார்.

இவ்வளவையும் தம்பிதான் சொன்னார். காளிச்சாமியின் மனைவி கமலாத்தாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"நேத்துக் காலையில போலீசு என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. சடையும் தாடியுமா ஆரோ கெடந்தாங்க. அந்தத் தலைமாட்டுல நின்னுட்டேதானுங்க சொன்னேன்... இது என்ர ஊட்டுக்காரரு இல்ல, ஆரோ அனாத, கொண்டுபோயிப் பொதைச்சுப் போடுங்கன்னு."