சுடர்க்கொடியின் இடது கை வளையல்கள்

எங்கள் எதிர்வீட்டு வஜீஹா அக்கா கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கையில் இருக்கிற வேலையை இன்னும் வேகமாகச் செய்வார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து நான் கறி கழுவிக்கொண்டிருந்தேன். என் புடவைக்கு ஃபால் தைத்து எடுத்து வந்தவர், கூடத்தில் நின்றபடியே அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எங்கேயோ உதைக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காரணம், அக்கா உள்ளே வந்ததுமே என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் சொன்ன செய்தி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்து காமிக்ஸ் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார். எண்பதுகளில் வந்த ‘சுடர்க்கொடி’. மின்னலைக் கையால் பிடித்துத் திருப்பி எறிகிற பெண். எல்.ஐ.சி. கட்டடத்து உச்சியிலிருந்து குதிப்பாள், கீழே வந்து நின்றால் ஜடைகூடக் கலைந்திருக்காது. மயிலாப்பூரில் வீட்டுவாடகை விற்கிற விலையில், ஒரு அலமாரித் தட்டு முழுக்க அவளுக்கு இலவசமாக இடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

“அக்கா, விஷயம் கேட்டியா? சுடர்க்கொடி மறுபடியும் வர்றா! படம் வரைஞ்ச ஸ்ரீனிவாசராகவன் இருக்காருல்ல, அவரு பையன் புஸ்தகமா போடப் போறாராம்.” செல்போனைப் பார்த்துப் படித்தார். “‘வேறு யாரோ பூசிக் கெடுத்த சட்டைக்கையும் வளையல்களும் நீக்கப்பட்டு, என் தந்தை வரைந்தபடியே தூய வடிவில்…’”

“வளையலையுமா?” என்றார் வஜீஹா அக்கா.

“ஆமாக்கா. அதான் எனக்கும் மனசு கேக்கலை. அந்த வளையல்லதான அவளுக்குப் பவரே கீது! இடது கையில மட்டும் ஏன் போட்டுக்கினு இருக்கான்னு நாங்க ஸ்கூல்ல அடிச்சிக்காத சண்டையா? இதயம் இடது பக்கம், அதனாலதான்னு நான் சொல்லுவேன்.”

“இதயமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. வலது கையில போட்டா குத்துறப்ப உடைஞ்சிடும்ல. அதான் இடது கையில போட்டேன்.”

“யாரு போட்டது?”

“நாந்தான்.”

பதினாலு வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். அவருடைய பித்தப்பைக் கல் முதல் மகள் அஃப்ராவின் மாமியார் வரை எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது. கறியை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வஜீஹா அக்கா பிறந்தது மீர்சாகிப்பேட்டையில். அவருடைய அத்தா, வெள்ளைத்துரை என்பவருடைய அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். சுடர்க்கொடி அங்கேதான் அச்சானாள். ஓவியர் அவளுக்குக் கையில்லாத சட்டை போட்டு வரைந்திருந்தார். முதல் புத்தகம் வந்ததும் ஒரு தலைமையாசிரியர், இதையெல்லாம் பிள்ளைகள் படிப்பதா என்று கேட்டுக் கடிதம் போட்டுவிட்டார். வெள்ளைத்துரை பயந்துபோனார். ஆனால் ஓவியர் படம் வரைந்து தருகிற அட்டையில் கை வைக்க முடியாது. ஒருதடவை ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்ததற்கே, மனிதர் இரண்டு மாதம் வரையாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டாராம். அதனால் அட்டைகளைப் போட்டோ பிடித்து, ஒரிஜினலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டு, போட்டோ பிரிண்டின் மேல் மையைப் பூசிச் சட்டைக்குக் கை வைக்க ஆள் தேடினார். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பைண்டர் மகள் நன்றாகப் படம் போடுவாள் என்று யாரோ சொல்ல, வேலை இவருக்கு வந்தது.

“சட்டைக்கை மொதலாளி சொல்லிப் போட்டது. எனக்கே பிடிக்காது. பாவம், அந்தப் பொண்ணு மூட்டை தூக்குறவன் மாதிரி ஆயிட்டா. ஆனா வளையல் யாரும் சொல்லலை. அவ்ளோ அழகா ஒரு பொண்ணு, கை மூளியா கீதேன்னு நானே போட்டுட்டேன். திட்டுவாருன்னு பார்த்தா, படிக்கிறவங்க எல்லாம் கேட்டு லெட்டர் போட்டுட்டாங்க, அந்த வளையல்ல என்ன சக்தின்னு. மொதலாளி உடனே, அதுதான் மின்னலை இழுக்குதுன்னு கதையில எழுதிட்டாரு.”

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தவர் மூடவில்லை. “வளையல் உடைஞ்சி அவ மயங்கி விழுவாளே, நான் மூணு நாள் சோறு துன்னலை…”

“அதுவும் நாந்தான்.”

“உங்க அம்மா பட்டினி போட்டிருக்கணும், மூணு நாள் இல்ல, முப்பது நாள்” என்றேன் அவரிடம். பிறகு அக்காவிடம் கேட்டேன்: “இப்ப இன்னாக்கா பண்றது?”

புடவையை மறுபடி மடித்தார். “சட்டைக்கைய எடுக்கட்டும். வளையலை எடுக்கக் கூடாது, ஜூலி. நான் போய்ச் சேர்ந்தா, நான் செஞ்சதுன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு. ஃபால் தைக்கிறது புடவைக்கு உள்ளாற போயிடுது.”

இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை அவர். மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். வீட்டுக்காரர் பீர் முஹம்மதுவின் தி. நகர் பெட்டி ரிப்பேர் கடை வெள்ளத்தில் போனபோதுகூட, இரண்டு பக்கெட்டையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாரே தவிர, ஒரு வார்த்தை புலம்பவில்லை. இதற்குப் புலம்புகிறார் என்றால் விளையாட்டில்லை என்று புரிந்தது. “போன் நம்பர் போட்டிருக்கானா பாருங்க” என்றேன் ஸ்தனிஸ்லாஸிடம்.

ஓவியரின் மகன் பெயர் தேசிகன். வீடு மேற்கு மாம்பலத்தில், ஆட்டோ நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு சந்தில். செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையாகக் காபி கொடுத்தார். மேஜை முழுக்கக் கம்ப்யூட்டர், ஸ்கேனர். பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் சுற்றின அட்டைகள். முதல் அட்டையை எடுத்துக் காட்டினார். தொட விடவில்லை. குழாயடியில் வரிசையில் நிற்கிற பெண் மாதிரி இடுப்பில் ஒரு கை வைத்து நின்றாள் சுடர்க்கொடி. என்ன அழகு! தோள் முதல் விரல் வரை ஒரே கோடு. மணிக்கட்டு மட்டும் மொழுக்கென்று இருந்தது.

வஜீஹா அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “இதான் அவ நிஜக் கையா? நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன்.”

பிறகு அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். தேசிகன் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ. ஆத்துல பெத்த பிள்ளை நானே அப்பா அட்டையைத் தொடப்படாது. ஒவ்வொரு புஸ்தகமும் அச்சாகி வந்தப்போ, சட்டைக்கையைப் பாத்துட்டு அப்பா கத்தின கத்தல் எனக்கு இன்னும் காதுல இருக்கு. ராத்திரி சாப்பிட மாட்டார். அவர் போனப்புறமாவது அவர் போட்டபடி வரணும்னு நெனைக்கறேன். அது தப்பா?”

“தப்பில்ல. ஆனா வளையலை எடுத்துட்டா கதை நிக்காதே சார்?” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “வில்லன் ‘உன் வளையலை உடைக்கிறேன்’னு சொல்றானே?”

“வசனத்தை மாத்திடலாம். ‘உன் கையை உடைக்கிறேன்’.”

“ஐயோ!” என்று ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிஜமாகவே வலி வந்ததுபோல் இருந்தது முகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், உங்க அப்பா போட்ட கோடு ஒசத்திதான். யார் இல்லேன்னா? ஆனா ஊர்ல பிள்ளைங்க சண்டை போட்டுக்கினது வளையலுக்காக. என் வீட்டுக்காரரைக் கேளுங்க, உங்க அப்பா பேரே அவருக்குப் போன வருஷம்தான் தெரியும்.”

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. தேசிகன் முகம் சுருங்கிவிட்டது. வஜீஹா அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தார்.

“வா ஜூலி, போலாம். அவங்க அத்தா வரைஞ்சது, அவங்க இஷ்டம். அவருக்கும் நான் போட்டது பிடிக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். பிடிச்சிருந்தா இன்னாத்துக்கு வேற ஆளை வெச்சிப் போடச் சொல்லப் போறாரு?”

“வேற ஆளா? எந்த வேற ஆள்?” என்றார் தேசிகன்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அக்கா சொன்னார். ஒருநாள் அச்சகத்துக்குப் புதுக் கதைக்கான போட்டோ பிரிண்டுகள் வந்தன. பார்த்தால் எல்லாப் படத்திலும் ஏற்கெனவே வளையல் இருக்கிறது. இவர் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. நமக்குப் பதிலாக வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள், சட்டைக்கை வேலையும் நாளைக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. ‘போ’ என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் இருப்பானேன் என்று ரோஷம். வீட்டில் அப்போதுதான் பீர் முஹம்மது வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை.

“எந்தக் கதை அது?” என்றார் தேசிகன்.

“கடலுக்கு அடியில போவாளே. சுறாமீன் மேல உக்காந்துக்கினு.”

“முத்துக்கோட்டை மர்மம்!” என்றார் ஸ்தனிஸ்லாஸ், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வதுபோல்.

தேசிகன் திரும்பி மேஜைமேல் இருந்த அட்டைகளைப் பார்த்தார். “அப்பாகிட்டேருந்து அட்டை வெளியே போனா, போட்டோ எடுத்துண்டு அன்னிக்கே திரும்பி வந்துடும். வேற யாரும் அதுல கோடு போட்டிருக்க முடியாது. போட்டிருந்தா அப்பா ப்ரெஸ்ஸையே கொளுத்தியிருப்பார்.” பிறகு, “நான் முதல் ஆறு கதைதான் ஸ்கேன் பண்ணியிருக்கேன். மிச்சம் பரண்ல இருக்கு” என்றார்.

ஏணி ஆடியது. ஸ்தனிஸ்லாஸ் பிடித்துக்கொண்டார். நான் கீழிருந்து, “மெல்ல சார், நீங்க விழுந்தா எந்த மின்னலும் வந்து பிடிக்காது” என்றேன். துணியில் கட்டின மூட்டை இறங்கியது. ஃபேனை நிறுத்தினார், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார், அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார். டிஷ்யூ பேப்பரைத் தூக்கினார்.

சுறாமீன் மேல் உட்கார்ந்திருந்தாள் சுடர்க்கொடி. தோளில் சட்டைக்கை இல்லை. இடது கையில் அடுக்காகக் கண்ணாடி வளையல். தண்ணீருக்குள் இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு மினுக்கல். அடுத்த அட்டை. அதிலும். அதற்கடுத்ததில் அட்டை ஓரத்தில் பென்சிலால் வெறும் வளையல்களாக நாலைந்து இடத்தில் போட்டுப் பார்த்திருந்தார். சரியாக வரும் வரைக்கும் விடவில்லை போலிருக்கிறது.

“இது அப்பா கோடு” என்றார் தேசிகன். குரல் இறங்கிவிட்டது. “அப்பாவேதான் போட்டிருக்கார்.”

வஜீஹா அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார், தவறித் தொட்டுவிடக் கூடாதே என்று. இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு, “வளையலுக்கு நடுவுல சந்து உட்டுருக்காரு. அதான் நல்லாருக்கு. நான் அடைச்சி அடைச்சிப் போட்டுடுவேன்” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“அப்பா ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார் தேசிகன்.

“அவரும் சொல்லலை, இவங்களும் கேக்கலை. நல்லா இருக்கு போங்க” என்றேன் நான். “எங்க வீட்டுல சாம்பார்ல உப்பு இல்லைன்னாகூட மூணு தெருவுக்குக் கேக்கும்.”

தேசிகன் சிரித்துவிட்டார். அப்புறம் அவர் வஜீஹா அக்காவைப் பார்த்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்கவில்லை. “முன்னாடி வந்த கதைகளுக்கு நீங்களே வளையல் போட்டுத் தருவேளா? அப்பாவே பின்னாடி ஒத்துண்டுட்டாரே, நான் யாரு மாட்டேன்னு சொல்ல?”

“போடுறேன். அட்டையைக் குடுங்க.”

“அட்டை தர மாட்டேன்” என்றார் சட்டென்று. “பிரிண்ட் எடுத்துத் தரேன்.”

“அப்படியே அப்பனைக் கொண்டிருக்காரு” என்று அக்கா என் காதில் சொன்னார்.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் வேலை நடக்கிறது. அவர் வீட்டில் பெட்டி ரிப்பேர் சாமான் போக மேஜை என்று ஒன்று மிச்சமில்லை. முதல் இரண்டு நாள் கோடு கோணல்மாணலாகப் போயிற்று. கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார், சரியாகிவிட்டது. என் மேஜைவிரிப்பில் இரண்டு இடத்தில் மை. கேட்டால், “இன்னொண்ணு தச்சித் தர்றேன் போடி” என்கிறார். ஸ்தனிஸ்லாஸ் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தலையை நீட்டுவார். “தம்பி, நிழல் விழுது, அந்தப் பக்கம் போ” என்று விரட்டுவார் அக்கா. பீர் முஹம்மது பாய் ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா என் கடை போர்டையாவது உன்னை எழுத வெச்சிருப்பேனே” என்றார். அதற்கும் ஒரு முறைப்புதான் கிடைத்தது. ஆனால் அக்கா போர்டின் அளவைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

புத்தகத்தில் பெயரை எப்படிப் போடட்டும் என்று தேசிகன் போனில் கேட்டார். ‘உதவி ஓவியர்’ என்று போடலாமா என்றார்.

“வேண்டாம். ‘ஓவியம் ஸ்ரீனிவாசராகவன்’னு போடுங்க. அதுக்குக் கீழ ‘வளையல் வஜீஹா’ன்னு போடுங்க. உள்ளதைப் போட்டா போதும்.”

நேற்று கடைசிப் பக்கம் முடிந்தது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அக்கா எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். சுடர்க்கொடியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஜூலி, இங்க பாரேன். காதும் மூளியாத்தான் கீது.”

“அக்கா!” என்று ஸ்தனிஸ்லாஸ் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். “முதல்ல அந்தாளைக் கேட்டுடு!”

தேசிகனைக் கேட்டிருக்கிறோம். இரண்டு நாள் டைம் வேண்டுமாம், பரணில் இன்னொரு மூட்டையைப் பார்க்க வேண்டுமாம். அக்கா தூரிகையைக் காயவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.