பார்லர் தண்ணீரும் பக்கத்துக் கீரையும்

பெரம்பலூரில் என் பியூட்டி பார்லருக்குப் பின்னால் ஒரு கீரைப் பாத்தி. பாத்தி பக்கத்து வீட்டு அக்காவுடையது, தண்ணீர் என்னுடையது. முகம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாயை அவர்தான் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கீரை விற்றுத்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

புருவம் திருத்த வந்த ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் என் சன்ஸ்கிரீன் ட்யூபைத் திருப்பிப் படித்தார். "அக்கா, இதுல நானோ துகள் இருக்கு. கண்ணுக்கே தெரியாது. கழுவுனா தண்ணியோட போயிரும். மண்ணுல இருக்குற நுண்ணுயிருக்கும் ஏரி மீனுக்கும் கெடுதல் பண்ணலாம்ங்கறாங்க. எவ்வளவுன்னு இன்னும் முழுசாத் தெரியல."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கே சுவரோரம் போய்ச் சொன்னேன்: "அக்கா, ஒங்க கீரைக்குப் போற தண்ணியில நானோ இருக்குதாம்."

"நீயா? நீ எப்படிடி தண்ணிக்குள்ள போவ?"

விளக்கிச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதும்பாங்க. ஆனா தண்ணிய நிறுத்திட்டா பாத்தி காஞ்சிருமேடி!"

காய விடவில்லை. தள்ளிப் புதுப் பாத்தி போட்டு, என் போர்வெல் தண்ணீரை ஹோஸில் விட்டோம். தொட்டிக் குழாய் சாக்கடைக்குப் போனது. அதுவும் எங்கோ ஓர் ஏரியைத்தானே சேரும்? அதனால் கழுவுமுன் பழைய சேலைத் துண்டால் கிரீமைத் துடைத்தெடுத்தேன். முதல் நாள், பழக்கதோஷம், அந்தத் துணியை அதே தொட்டியில் அலசிவிட்டேன்!

அக்கா ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். "நல்லாருக்குடி! எலியப் புடிச்சுக் குதிருக்குள்ளயே வுட்ட கதை!"

அதிலிருந்து துண்டுகள் அலசப்படுவதில்லை, நேராகக் குப்பைப் பைக்குத்தான்.

ஒரு நாள் திருமானூரிலிருந்து கல்யாணப் பெண் மேக்கப் ட்ரையலுக்கு வந்தாள். போட்ட கிரீமைத் துடைக்கத் துண்டை எடுத்ததும் அவள் அம்மா முகம் சுளித்தார். "பழைய சேலையாலயா? வேற பார்லர் பாத்துக்குறோம்."

கல்யாண ஆர்டர் கைநழுவும் போலிருந்தது. "கொதிக்கவச்ச துணிங்கம்மா. இந்தக் கிரீம் தண்ணியில போனா ஒருத்தர் பொழப்புல போயி நிக்கும். எனக்கு வேற வழி தெரியாதுங்க" என்றேன்.

பெண் கண்ணாடியை விட்டு எழவில்லை. "அம்மா, நீ உக்காரு. நம்ம ஊரு கொள்ளிடத்துத் தண்ணிக்கும் இதே கதிதான? நீங்க தொடைங்கக்கா."

துடைத்தேன். எத்தனையோ மணப்பெண்களை அழகாக்கிய கைதான். அன்றைக்குத்தான் அதை நானே பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.