தவளைக்கு அரைஞாண்

என் தாய்மாமாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மழையில், திண்டிவனம் பக்கம், வல்லத்தை அடுத்திருந்த எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக எங்கள் ஏரித் தவளைகளை எண்ணப் போகிறாராம். அப்போது தவளைக் காலுக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி. சாக்குச் சாக்காகப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தவளை குறைந்துவிட்டது என்று காகிதத்தில் நிரூபித்துவிட்டால், பிடிப்பதை நிறுத்தச் சொல்லி மேலே எழுதலாம் என்பது மாமாவின் எண்ணம்.

எண்ணும் முறையை எனக்கும் விளக்கினார். நூறு தவளைக்கு அடையாளம் வைத்து ஏரியில் விட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி நூறு பிடிக்க வேண்டும். அதில் பாதிக்கு அடையாளம் இருந்தால் ஏரியில் மொத்தமே இருநூறுதான். ஒன்றிரண்டுக்கு மட்டும் இருந்தால் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று பொருள். எனக்குப் பத்து வயது. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

அடையாளத்துக்குக் கால் விரல் நுனியை வெட்டுவதுதான் வழக்கமாம். இதைப் போய் அம்மாவிடம் சொன்னார் அந்த மனிதர். நாங்கள் சமணர்கள். விளக்கில் பூச்சி விழுமென்று பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூட மாட்டோம்.

"வெரலயா வெட்டப் போற? வெட்டிக்கினு அப்படியே திண்டிவனம் பஸ் ஏறிடு. இந்த வூட்டுப் பக்கம் வராத" என்றாள் அம்மா.

மாமாவுக்கும் வெட்ட மனம் வரவில்லை. என் தையல் வகுப்புச் சிவப்பு நூல்கண்டைக் கேட்காமலேயே எடுத்துப்போய், நூறு தவளைக்கும் இடுப்பில் அரைஞாண் கட்டிவிட்டார். டீச்சரிடம் திட்டு வாங்கியது நான்.

மறு எண்ணிக்கையை நேரில் பார்க்க வேண்டும் என்றார் அவருடைய பேராசிரியர். அவரை அழைத்துவர மாமா காலையிலேயே திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அவர் போனபின், அவர் சொல்லிவைத்திருந்த ஆட்கள் ஏரியில் நூறு தவளை பிடித்து, பானைகளில் போட்டு, ஈரத்துணியால் மூடித் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"சார் வர்ற வரைக்கும் யாரும் பானைய தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாமா போயிருந்தார். சொல்லாமல் போயிருந்தால் எனக்குத் திறக்கத் தோன்றியே இருக்காது.

திறந்தேன். பாதிக்கு மேல் சிவப்பு நூல். மழையில் தின்று கொழுத்ததில் சிலவற்றின் இடுப்பில் நூல் இறுகிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துவந்து, தோலில் படாமல் ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டு மட்டும் அடியில் பதுங்கிக்கொண்டு கைக்குச் சிக்கவில்லை. தரையில் கிடந்த நூல் துணுக்குகளை அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் பெருக்கித் தள்ளினாள். அவளை என்னவென்று சொல்வது!

பேராசிரியர் வந்து எண்ணினார். நூறில் இரண்டு.

"ஏம்ப்பா, கொறஞ்சிபோச்சின்னு சொன்னியே? ஆயிரக்கணக்குல இருக்குதே!"

"நூலு அவுந்திருக்கும் சார்..."

"அவுந்திருக்கும்னு தீசிஸ்ல எழுதுவியா?"

மாமா காலிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பயமெல்லாம் இல்லை. செய்த புண்ணியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்தாள்.

எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டு மாமா பெட்டியோடு போய்விட்டார். மேலே யாரும் எதையும் நிறுத்தவில்லை. லாரிகள் முன்னைவிட அதிகமாக வந்தன.

அடுத்த ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது. சத்தமே இல்லை. புண்ணியத்தைச் சொல்லக் கூடாதுதான், மாமாவுக்கு மட்டும் சொல்லலாம் என்று ஓர் இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். "இந்த வருஷம் தவளைங்க கத்தவே இல்ல மாமா. எல்லாம் நிம்மதியா இருக்குதுங்க போல. அன்னிக்கி நூலை வெட்டிவுட்டது நான்தான்."

மாமா பதில் போடவில்லை. என் நூல்கண்டைத் திருப்பித் தராத வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.