நாய்க்கு ஏது விலை

காலையிலிருந்து எங்கள் நாய் ரத்தமாகக் கக்கிக்கொண்டிருந்தது. பழைய துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, திண்டுக்கல்லில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். மடியில் அதன் உடம்பு விட்டு விட்டு நடுங்கியது.

எனக்கு முன்னால் எரியோடு ஊர்க்காரர் ஒருவர் ஆட்டோடு நின்றார். மருத்துவர் ஆட்டின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆடு என்ன வெல போகும்?" என்று கேட்டார். அவர் விலையைச் சொன்னார். "ஆபரேசனுக்கே அதுக்கு மேல ஆகும்ணே" என்றார் மருத்துவர். ஆட்டுக்காரர் அங்கேயே நின்று கறிக்கடைக்குப் போன் போட்டார். என்ன மனுசன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகிறபோது என் முகத்தைப் பார்த்தவர், "நீங்க ஏன் பயப்படுறீங்க? நாய்க்கு ஏது வெல" என்றார். ஆறுதலாகத்தான் இருந்தது.

மருத்துவர் ஊசி போட்டார். ரத்தம் சோதிக்க வேண்டும், நாலைந்து நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அப்படியும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். ஒவ்வொன்றுக்கும் ஆகிற செலவையும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எம்புட்டு வரைக்கும் பாக்கலாம்?"

எம்புட்டு ஆனாலும் பாருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாக்கில் ஒரு தொகை வந்து நின்றது. அதை எப்போது கணக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நாயின் மூக்கு என் மணிக்கட்டில் சூடாக அழுந்திக்கொண்டிருந்தது. அந்தத் தொகை வெளியே வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.